ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போகும் ஷேர் ஆட்டோ

காலை ஆறு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் பஸ் ஏறினேன். கடலூர்க்காரியாக இருந்துகொண்டு பிச்சாவரம் அலையாத்திக் காட்டைப் பார்த்ததில்லையா என்று வீட்டில் என்னைக் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர். அங்கே வேறு பஸ் மாறி, எட்டு மணிவாக்கில் கிள்ளையில் இறங்கினேன். படகுக்கு இன்னும் நேரமிருந்தது. டீக்கடையில் ஒதுங்கினேன்.

பெஞ்சில் ஒரு மீன்காரம்மா சிதம்பரம் மார்க்கெட்டுக்குப் போக ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்தார். பெயர் அஞ்சலை, நாற்பத்தைந்து வயதிருக்கும். வலது காலில் ஈரத்துணி சுற்றியிருந்தது. ஈக்கள் மீன் கூடையை விட்டுவிட்டு அந்தக் காலைத்தான் மொய்த்தன.

“என்னம்மா ஆச்சு?”

“கெளுத்தி மீன் முள்ளுக்கா. குத்திப் பத்து நாளாச்சு. மத்தவளுங்களுக்குக் குத்துனா ஊரையே கூட்டிடுவாளுங்க. எனக்கு வலியே இல்ல. அப்புறம் என்னாத்துக்கு டாக்டரு?”

பெருமையாகத்தான் சொன்னார். கெளுத்தி குத்தினால் ஆண்களே துடித்துப் போவார்கள். வலிக்காததால் முள் சரியாக ஏறவில்லை என்று நினைத்து விட்டுவிட்டார்.

“சர்க்கரை இருக்கா?”

“இருக்குன்னாங்க. மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கறேன்.”

துணியை விலக்கச் சொன்னேன். இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. அடக் கடவுளே! எனக்கு வந்த கோபத்தில் படகும் காடும் மறந்தே போயின. ஆட்டோ வந்ததும் நானும் ஏறிக்கொண்டேன்.

வழி நெடுக அவரைத் திட்டினேன். சிதம்பரத்தில் இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, காசு கேட்பதில்லை, வருவதற்கு என்ன கேடு என்று கேட்டேன்.

“கத்தாதக்கா. வெடியக்காலம் ஏலத்துல மீன் எடுக்கணும். எடுத்தத மத்தியானத்துக்குள்ள வித்தாகணும், இல்லன்னா நாறிடும். ஆஸ்பத்திரில ஓ.பி. பாக்கறதும் அதே நேரந்தான். நான் கூடைய எறக்கி வச்சிட்டு வந்தா அவுங்க கதவச் சாத்திடறாங்க. நாலு நாள் ஒக்காரலன்னா மார்க்கெட்ல எடத்த வேற ஒருத்தி புடிச்சிடுவா. நீ வந்து எடத்த வாங்கிக் குடுப்பியா?”

கூடையிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிந்து அவர் காலடியிலேயே தேங்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் டிரைவர் செல்வம் வண்டியை ஓரங்கட்டினார். அவருக்கும் ஊர் கிள்ளைதான்.

“எறங்கு அத்தே. தெனமும் இந்த கேட்டத் தாண்டித்தான் ஒன்ன இட்டுக்கினு போறேன். மீன் நாத்தம் எது, கால் நாத்தம் எதுன்னு எனக்குத் தெரியாதா? கூடைய மார்க்கெட்ல பக்கத்துக் கடக்காரிகிட்ட குடுத்துடறேன், போ.”

அஞ்சலை அவரை வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டே இறங்கினார்.

ஓ.பி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, உள்ளே போகப் பதினொன்றரை ஆனது. உள்ளே இருந்த இளம் டாக்டர் நல்ல மாதிரி. கால் பக்கம் குனிந்து ஊசியை எடுத்தார். அஞ்சலை கண்களை இறுக மூடி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“குத்தறதுன்னா சீக்கிரம் குத்திடு சார்.”

டாக்டர் அப்போது நான்காவது இடத்தில் குத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

சர்க்கரையில் நரம்பு செத்துவிட்டது என்றார். உடனே வந்திருந்தால் மருந்து கட்டியே ஆற்றியிருக்கலாமாம். இப்போது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உயிருக்கே ஆபத்து என்றார். அஞ்சலை அழவில்லை. நான்தான் வெட்கமில்லாமல் அழுதேன். அவருடைய புருஷனும் மகனும் மங்களூர்ப் பக்கம் மீன்பிடி போட்டில் இருந்தார்கள், போன் போகவில்லை. பக்கத்து வீட்டுப் பெண் வந்து சேரும்வரை நான் உடனிருந்தேன்.

மாலையில் கடலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன். கடலூரில் என் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். தலைவலி என்றாலும் லீவு சொல்லிவிட்டுப் போய் உட்காருவேன். பக்கத்தில் இருந்தால் போதும், யாரும் போய்விடலாம் என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

வார்டு வாசலைத் தாண்டும்போது அஞ்சலை கூப்பிட்டார்.

“யக்கா, டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. கால எடுக்கறத வெள்ளிக்கெழமையா பாத்து வெச்சிக்கச் சொல்லு. அன்னிக்கு யாவாரம் கம்மி.”