கூடத்தில் கொட்டிய குறுவை

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பியானோவைச் சுற்றி ஈர நெல்லைக் கொட்டச் சொன்ன முட்டாள் நானேதான். அப்பா சொல்லவில்லை. யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. யோசிக்காமல் செய்யும் முட்டாள்தனத்துக்கு மன்னிப்பு உண்டு. நான் ஒரு புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டுச் செய்தேன்.

தஞ்சாவூர் ஜில்லாவில், வாய்க்கால் கரை ஊர் ஒன்றில் பியானோவுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நாகப்பட்டினத்தில் ரயில்வே உத்தியோகம் பார்த்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார். அப்பா பீரோ எடுக்கப் போனார். பீரோவை வேறு யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வெறுங்கையோடு திரும்ப மனமில்லாமல் இதை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். "நல்ல மரம்," என்றாராம் அம்மாவிடம். எங்கள் குடும்பத்தின் மேல்நாட்டுச் சங்கீத ஞானம் அந்த இரண்டு வார்த்தைதான்.

தஞ்சாவூர் கான்வென்ட்டில் ஒரு கன்னியாஸ்திரி எனக்குச் சொல்லிக்கொடுத்தார். வாரத்தில் இரண்டு நாள் பஸ் ஏறிப் போவேன். புறங்கையில் நாலணாக் காசை வைத்துவிடுவார். அது விழாமல் மேலும் கீழும் சுர வரிசை வாசிக்க வேண்டும். விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. இரண்டு வருஷம் அந்தக் காசு விழுந்துகொண்டே இருந்தது. ஒருநாள் விழவில்லை. பிசின் ஏதும் தடவியிருக்கிறேனா என்று கையைத் திருப்பிப் பார்த்தார்.

வீட்டுக்கு உறவினர்கள் வந்தால் அப்பா என்னை வாசிக்கச் சொல்வார். வியர்க்க வியர்க்க ஒரு சொனாட்டாவை வாசித்து முடிப்பேன்.

"எல்லாம் சரிதான், கமகமே இல்லியே," என்பார் பெரியப்பா.

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் ஒரே சுரந்தான், அதை அசைக்க முடியாது என்று விளக்குவேன்.

"அசைக்க முடியாததுக்கு ஏண்டா இத்தனை கட்டை?"

அம்மாவுக்கோ என் விரல்களைப் பற்றித்தான் கவலை. குடம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கக் கூடாது, தேங்காய் உரிக்கக் கூடாது. இருபத்திரண்டு வயதுவரை நான் தூக்கிய பெரிய சுமை சாப்பாட்டுத் தட்டு.

அந்த வயதில்தான், நான் எழுதிக் கேட்டிருந்ததற்கு லண்டனிலிருந்து கடிதம் வந்தது. அங்கே ஒரு சங்கீதக் கல்லூரி, அரைமணி நேர வாசிப்பை டேப்பில் பதிந்து அனுப்பச் சொன்னது. பிடித்திருந்தால் படிப்புச் சம்பளம் வாங்காமல் சேர்த்துக்கொள்வார்கள். கச்சேரி மேடைக்கு எனக்குத் தெரிந்த ஒரே வழி அது. வயது வரம்பில் எனக்கு அதுவே கடைசி வருஷம். போகவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு முப்பது வருஷம் சென்னையில் ஓர் ஓட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் வாசித்தேன். சூப் வரும்வரை ஜனங்கள் கவனமாகத்தான் கேட்டார்கள்.

டேப் ரிக்கார்டர் இருந்தது திருவாரூர் மைக் செட்காரர் ஒருவரிடம். ஆளுங்கட்சிக் கூட்டங்களுக்கு அவர்தான் செட் போடுவார்.

"வியாழக்கெழமை ஒரு நாள்தான் தம்பி. வெள்ளிக்கெழம மந்திரி பேசுறாரு. அப்புறம் மாநாடு. அதுக்கப்புறம்னா பொங்கலுக்குத்தான் பாக்கணும்."

பொங்கல்வரை லண்டன் காத்திருக்காது. வியாழன் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமை மதராஸிலிருந்து சுருதி கூட்டுபவர் வந்து, நாள் முழுக்கக் கம்பிகளை முறுக்கினார். "ஈரம் மட்டும் படாம பாத்துக்குங்க," என்று சொல்லிவிட்டு ரயிலேறினார்.

அது ஐப்பசி. ஊரில் அறுவடைத் தகராறு. உள்ளூர் ஆட்கள் கூலி நெல்லில் ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டார்கள். அப்பா முடியாது என்றார். வரப்பில் சிவப்புக் கொடி ஏறியது. அப்பா முத்துப்பேட்டைப் பக்கத்திலிருந்து லாரியில் ஆட்களை இறக்கினார். போலீஸ் காவல் நிற்க, தூறலிலேயே குறுவை அறுபட்டது. திங்கட்கிழமை மத்தியானம் ஈரமாகவே அடித்துப் போட்டுவிட்டு, உள்ளூர்க்காரர்கள் வந்துவிடுவார்கள் என்ற பயத்தில் அவர்கள் அதே லாரியில் கிளம்பத் துடித்தார்கள்.

"பத்தாயத்துல ஈர நெல்லப் போட முடியாது. எங்கடா கொட்டறது?" என்று அப்பா வானத்தைப் பார்த்துக் கேட்டார்.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. எங்கள் கூடத்தில் எதிரொலி அதிகம். ஒலிப்பதிவு பற்றி நான் வைத்திருந்த புத்தகம், சுவரெல்லாம் கனமான துணி தொங்கவிடச் சொன்னது. துணி எதற்கு? நெல் இருக்கிறதே!

"கூடத்துல கொட்டச் சொல்லுங்கப்பா. பியானோவச் சுத்திக் கொட்டட்டும். சத்தம் சுத்தமா வரும்."

அப்பா என்னை வாஞ்சையோடு பார்த்தார். பிள்ளைக்கு விவசாயத்தில் அக்கறை வந்துவிட்டதென்று நினைத்திருப்பார். மூட்டை மூட்டையாக இடுப்பளவுக்குக் கொட்டினார்கள். அன்று சாயங்காலம் கைதட்டிப் பார்த்தேன். எதிரொலி அடியோடு இல்லை. அவ்வளவு துல்லியமாக அந்தப் பியானோ அதற்குமுன் பேசியதில்லை. செவ்வாய்க்கிழமை முழுக்க, உலகத்திலேயே கெட்டிக்காரன் நான்தான் என்ற நினைப்போடு வாசித்தேன்.

புதன் காலை கதவைத் திறந்தால் முகத்தில் ஆவி அடித்தது. குவியலுக்குள் கையை விட்டேன், சுட்டது. மழைக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்தியிருந்ததால் கூடமே இட்லிப் பானையாகியிருந்தது. உட்கார்ந்து ஒரு கட்டையை அழுத்தினேன். இறங்கியது, ஏறவில்லை. நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அசையவில்லை. அடுத்ததை அழுத்தினேன். அதுவும் அப்படியே. சுர வரிசை ஒன்று வாசித்து முடித்தபோது எட்டுக் கட்டைகளும் பள்ளத்தில் கிடந்தன.

ஒன்று நெல் வெளியேற வேண்டும், அல்லது பியானோ வெளியேற வேண்டும். இரண்டுக்கும் ஆட்கள் வேண்டும். எங்களிடம் இருந்தது அப்பாவும் என் பத்து விரல்களும். பக்கத்து வீடுகளிலும் வேலைக்கு ஒருவரும் வரவில்லை. நானே கூடையை எடுத்தேன். "ஐயோ, விரலு!" என்று அம்மா அலறினார். ஆறு கூடை நெல்லை வாசல் கொட்டகைக்குச் சுமந்தேன். குவியலைப் பார்த்தால் எலி கொறித்த அளவுகூடக் குறையவில்லை. நெல் சுணையில் இரண்டு கையும் தடித்துப்போனதுதான் மிச்சம்.

வெட்கத்தை விட்டு உள்ளூர் ஆட்களின் தெருவுக்குப் போனேன். கொடிக்கம்பத்தடியில் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் நடவாட்களுக்குத் தலைவியான அம்மாள், வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க தம்பி," என்றார். போன மாதம்வரை நான் அவருக்குச் சின்னய்யா.

"ஒரு ஒத்தாசை வேணுங்க," என்றேன். பிறந்ததிலிருந்து அவரை வா, போ என்று பேசியவன்.

"ஏ, மரியாதையெல்லாம் பலமா இருக்குடோய்!" என்று ஒருவர் சிரித்தார். "பொட்டி நல்லாவே ஊறிப்போச்சு போல!"

ஊருக்கே விஷயம் தெரிந்திருந்தது. நெல்லைக் கொட்டச் சொன்னது யார் என்பதும்.

"அறுத்தவங்களையே கூப்புடுறதுதானே?" என்றார் அந்த அம்மாள்.

"லாரியில போயிட்டாங்க."

"போவத்தான் செய்வாங்க. நாங்கதானே இங்கயே கெடக்கறவங்க."

லண்டனைச் சொன்னேன். நாளைக்கு விட்டால் வேறு நாளே இல்லை என்பதைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"எத்தினி வருசமாப் பழகறீங்க?"

"பதினஞ்சு வருஷங்க."

"களை பறிக்கையில கேட்டுக்கிட்டுத்தான் இருப்போம். ஒரே எடத்தையே திருப்பித் திருப்பித் தட்டுவீங்க, விடாத மழை கணக்கா." வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "பாவந்தான். அத்தன பாடு பட்டிருக்கீங்க."

எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பியானோவைத் தூக்கி வெளியே வைக்க ஏழெட்டுப் பேர் போதும், ஒரு மணி நேர வேலைதான் என்று அவசரமாகச் சொன்னேன்.

"அந்த ஒரு மரக்காலக் கேட்டு உங்க வாசல்ல மூணு நாளு நின்னோம். நீங்க உள்ள வாசிச்சுக்கிட்டு இருந்தீங்க. அப்பாகிட்ட ஒரு வார்த்த சொன்னீங்களா, தம்பி?"

சொல்லவில்லை. அவர்கள் வந்ததே எனக்கு இடைஞ்சலாக இருந்தது. சத்தம் கேட்கக் கூடாதென்று ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

"அது அப்பா விவகாரங்க. நான் அதுலயெல்லாம் தலையிடறதில்ல."

அவர் எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"அப்ப பொட்டியையும் அப்பாவையே தூக்கச் சொல்லுங்க."