கண்ணாடி ஸ்விட்சில் காணிப்பாக்கம்

எங்கள் சித்தூர் சபைக்கு ஓர் அமெரிக்கக் கார் இருந்தது. தன் நாட்டுக்குத் திரும்பிப்போன மிஷன் டாக்டர் ஒருவர் விட்டுவிட்டுப் போனது. கண்ணாடியை ஏற்றி இறக்க அதில் கைப்பிடி கிடையாது. ஸ்விட்சைத் தட்டினால் தானாக ஏறும், தானாக இறங்கும். எழுபதுகளில் எங்கள் ஊருக்கு அது பெரிய அதிசயம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாதி சபை காரைச் சுற்றி நின்றுகொண்டு, "இன்னொரு தபா தட்டேன்" என்று டிரைவரைக் கெஞ்சும்.

பிறகு ஸ்விட்சுகளுக்குக் கிறுக்குப் பிடித்தது. இறங்கிய கண்ணாடி ஏறாது. ஏறினாலும் பாதியில் நிற்கும். அந்த நிலையில்தான் பிஷப்பை ரேணிகுண்டா ஸ்டேஷனிலிருந்து அதில் அழைத்து வந்தார்கள். காற்று வரட்டும் என்று அவரே ஸ்விட்சைத் தட்டிக் கண்ணாடியை இறக்கியிருக்கிறார். சந்திரகிரி தாண்டியதும் நல்ல மழை. கண்ணாடி அசையவில்லை. சித்தூர் வந்து சேர்ந்தபோது பிஷப் காருக்குள் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரவேற்க நின்ற பாடகர் குழு முதல் வரியிலேயே சிரித்துவிட்டது. நானும் அந்தக் குழுவில் இருந்தேன். ஆனால் முதலில் சிரித்தது நான் இல்லை.

சபைச் செயலாளர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். சிரிப்பே பிடிக்காது. பஜார் தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஸ்விட்ச் சரியாகணும். ஏன் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுக்கணும், பிஷப்புக்கு அனுப்பணும். டிரைவர் மேல தப்புன்னா இன்னிக்கே சாவிய வாங்கிடுவேன்" என்றார்.

சபையில் சம்பளம் வாங்கியவர்களில் டிரைவர் ஒருவர்தான் இந்து. மூன்று பெண் பிள்ளைகள். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு போக்கு இல்லை. நான் கதவுத் தகட்டைக் கழற்றும்போது பக்கத்திலேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்விட்சைப் பிரித்தேன். உள்ளே பித்தளையே தெரியவில்லை. சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ அடை தட்டிக் கிடந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தேன். சந்தன வாசனை.

"என்னாண்ணே இது?"

"காணிப்பாக்கம்" என்றார், குரலே எழும்பாமல். "வருசா வருசம் வண்டிய அந்தப் புள்ளையார் கோயிலுக்கு இட்டுக்கினு போய்ப் பூஜை போட்டுக்கினு வருவேன். பூஜை போடாத வண்டிய எப்படிப்பா ஓட்டுறது? ஸ்டேரிங்குக்கு ஒரு பொட்டு, பிரேக்குக்கு ஒரு பொட்டு. இந்தக் கண்ணாடி ஆள் இல்லாமலே ஏறுது எறங்குது. அதுக்குத்தான் சாமி தொணை ஜாஸ்தி வேணும்னு, உள்ள நல்லா எறங்குற மாதிரி தண்ணியா கரைச்சி ஊத்தினேன்."

எட்டு வருஷத்துச் சந்தனமும் குங்குமமும் அந்த ஸ்விட்சுக்குள் இருந்தன. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், இவர் வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம். பெட்ரோலில் கழுவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். தேய்ந்துபோன இடத்தில் பழைய டார்ச் லைட்டின் பித்தளைத் தகட்டை வெட்டி வைத்தேன். தட்டியதும் கண்ணாடி சர்ரென்று ஏறியது. அந்த நேரம் பார்த்துப் பாதிரியாரும் செயலாளரும் வந்துவிட்டார்கள்.

"என்ன கோளாறு?" என்றார் செயலாளர்.

"துருங்க ஐயா. மழைத் தண்ணி" என்றேன் கூசாமல்.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். டிரைவர்தான் குறுக்கே வந்தார். "இல்லீங்கய்யா. அது காணிப்பாக்கத்துக் குங்குமம். அந்தச் சாமி விசயத்துல பொய் சொன்னா குடும்பத்துக்கு ஆகாது."

அவர் பயம் எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் பஞ்சாயத்தில் தீராத வழக்குக்கெல்லாம் அந்தப் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்வதுதான் முடிவு. அங்கே பொய் சொல்ல எந்த மதத்துக்காரனுக்கும் துணிச்சல் வராது. ஆனாலும் அந்த நிமிஷம் அவரை அடித்தால் என்ன என்று எனக்குக் கோபம் வந்தது.

கோபம் வந்தால் செயலாளருக்குத் தெலுங்கு வந்துவிடும். "ஏமய்யா இதி!" என்று கத்தி, சாவிக்காகக் கையை நீட்டினார்.

பாதிரியார் அந்தக் கையை மெல்லத் தாழ்த்தினார். "கொஞ்சம் இருங்க. பொய் சொன்னவன் நம்ம சபைப் பையன், பாட்டு வேற பாடுறான். உண்மை சொன்னது இவரு. யாரை நிறுத்துறது, சொல்லுங்க?"

செயலாளர் என்னைப் பார்த்தார். நான் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தேன். சாவி டிரைவரின் பையிலேயே இருந்துவிட்டது.

மிச்சம் இருந்தது என் அறிக்கைதான். 'பழுதுக்குக் காரணம்' என்று எழுதியதும் செயலாளர் என் காதருகே குனிந்தார். "பிஷப் படிப்பாரு. சபை மானம் போயிடும். துருன்னே எழுதிடு" என்றார்.

டிரைவர் காணிப்பாக்கம் இருக்கும் பக்கமாக ஒரு தரம் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

'சந்தனம், குங்குமம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.