போனில் வந்த பேரு

இந்தக் கடைக்காரர் இன்னார்தான் என்று நிரூபிப்பது என் பிழைப்பு. விருதுநகர், சிவகாசிப் பக்கம் டிஜிட்டல் ரூபாய் வாங்கும் கடைகளுக்கு, ஸ்கேன் செய்தால் ஓனர் பேரைக் காட்டும் ஸ்டிக்கர் ஒட்டி, உரிமையாளரைச் சரிபார்ப்பேன். வெயிலில் படியேறி, "பெறகு வாங்க" என்று கேட்டே பழகியவர்களே, இது நம்ம கதை!

பால்பாண்டி எங்கே?

ஆமத்தூரில் செல்வராணி அக்காவின் பட்டாசுக் கடை. லைசென்ஸ் அவர் பேரில், வியாபாரமும் அவரே. ஸ்டிக்கர் மட்டும் வீட்டுக்காரர் பால்பாண்டி பேரில். கம்பெனி வேன் ஓட்டும் அந்த மனுஷனுக்கு மத்தாப்பு விலைகூடத் தெரியாது.

நான் அங்கே போயிருந்த அன்று ஒரு மதுரைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து ஸ்கேன் செய்தார். போனில் பால்பாண்டி என்று வந்ததும், "ஓனர் இருக்கும்போது வர்றேன்" என்று எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுப் போனார். அக்காவுக்கு முகமே செத்துவிட்டது. என் பக்கம் திரும்பினார்.

"எப்பா ஸ்டிக்கரு, பத்து வருசமா விக்கிறது நானு, பேரு அவுகளுக்கா? தீபாவளிக்குள்ள எம் பேரு வந்தாகணும்!"

கண்ணைச் சிமிட்டுங்கள்

பட்டாசுக் கடைக்குள் போன் எடுக்கக் கூடாது. வெளியே, மண்டையைப் பிளக்கும் வெயிலில் அக்காவை நிறுத்தினேன். நிற்பது உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க, கண்ணைச் சிமிட்டச் சொல்லும் என் போன். கூச்சத்தில் அக்கா கண்ணை இறுக்கி மூட, அது ஒப்புக்கொள்ளவே இல்லை. "இன்னொருக்க சிமிட்டுங்கக்கா, நல்லாச் சிமிட்டுங்க" என்று கெஞ்சிக்கொண்டிருந்தேன். பின்னால் வேன் வந்து நின்றது யாருக்குத் தெரியும்?

"ஏலே! எம் பொண்டாட்டிய எதுக்குலே கண்ணடிக்கச் சொல்லுற?"

நான் சட்டென்று போனை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அக்காதான் விழுந்து விழுந்து சிரித்து விஷயத்தைச் சொன்னார். பால்பாண்டி அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு தோள் துண்டை விரித்து நிழல் பிடித்தார். அடுத்த சிமிட்டலில் வேலை முடிந்தது, ஸ்டிக்கர் அக்கா பேருக்கு மாறியது.

"சரி, கடை போச்சு. பொண்டாட்டியாச்சும் எம் பேர்லதான இருக்கா?"

நமுத்த சங்குசக்கரம்

தீபாவளிக்கு முந்தின நாள் ஒரு சாத்தூர்க்காரர் போனைத் தூக்கிப் பிடித்தபடி வந்தார். "யாரு இங்கன செல்வராணி? சங்குசக்கரம் அம்புட்டும் நமுத்துப்போச்சு! பேரு இருக்கு, தப்பிக்க முடியாது!"

பால்பாண்டி அண்ணன் நைசாக என் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். அக்காவோ ஓடி வந்தார். "நான்தாண்ணே, நான்தான்!" பெட்டியைப் பிரித்துப் பார்த்து, புதுசு மாற்றிக் கொடுத்து, மேலே ஒரு கம்பி மத்தாப்பும் வைத்தார். வந்தவர் சிரித்துக்கொண்டே போனார். அக்காவின் கண் கலங்கியிருந்தது. "ரொம்பத் திட்டிட்டாராக்கா?" என்றேன்.

"அட போப்பா! பத்து வருசத்துல இன்னைக்குத்தான் எம் பேரச் சொல்லி ஒருத்தர் சண்டைக்கு வந்திருக்காக!"

ஊர்க்காரர் பேரையெல்லாம் நிரூபித்துக் கொடுத்த என்னை மட்டும், திட்டுவதற்குக்கூட எல்லோரும் இன்னும் "எப்பா ஸ்டிக்கரு" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.