மஞ்சூரிலிருந்து வரவேண்டிய சோப்பு

நர்ஸம்மா நீட்டுகிற கையில் கேட்ட பொருளை வைப்பதுதான் ஆயா வேலை; எங்கள் காலரா வார்டில் வைக்கத்தான் ஒன்றும் இருக்காது. ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டு வீட்டில் கைப்பிள்ளையும் வைத்திருக்கிற அக்கா தங்கைகளுக்கு மேலே சொல்ல வேண்டாம், புரிந்திருக்கும்.

எந்த ஊர்?

வேலைக்குச் சேர்ந்ததும் கை கழுவச் சோப்பு கேட்டேன். மராட்டிக்கார சிஸ்டர், "சாபுன் மஞ்சூர் நஹி ஹுவா" என்றார். சாபுன் சோப்பு, நஹி இல்லை. நடுவில் இருந்தது ஊர்ப்பெயர் என்று நானே முடிவு செய்துகொண்டேன். திருப்பிக் கேட்கக் கூச்சம்.

பால்குடி மறக்காத என் பிள்ளையைத் தாராவியில் பக்கத்து வீட்டு மதினிதான் பார்த்துக்கொள்வாள். சாம்பல் போட்டு நான் கை தேய்த்த பிறகும் மோந்து பார்த்துத்தான் பிள்ளையைத் தருவாள். மஞ்சூர் சோப்பு வரவில்லை என்றேன்.

"சண்டைக்காலம்லா, பட்டாளத்துச் சாமான் ஏத்துற கூட்ஸ் வண்டியில எடம் கெடைச்சிருக்காது" என்றாள்.

கம்பளி

தோல் கிடங்கில் வேலை பார்த்த நம்மூர் அண்ணாச்சி ஒருவர், வயிற்றுப்போக்கில் துவண்டு குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தார். ஒரு கம்பளி, இரண்டு ஆள். அவர் இழுத்தால் பக்கத்து ஆளின் கால் தெரியும். கம்பளியும் மஞ்சூரிலிருந்து வரவேண்டும், நரம்பில் ஏற்றுகிற மருந்துத் தண்ணீரும் அங்கிருந்துதான் என்று சொன்னேன்.

"அந்த ஊர்க்காரன்லாம் சொகமா இருப்பான் போல தாயி, எல்லாம் அங்கனயே கெடக்கு" என்றார்.

ரயில் விசாரித்தது

அண்ணாச்சி முனகுவதைக் கேட்க முடியவில்லை. முந்தானையைத் திருகிக்கொண்டு ஆபீஸ் கிளார்க் முன்னால் போய் நின்றேன். மாட்டுங்காவில் குடியிருக்கிற ஐயர், சொந்த ஊர் பாலக்காடு. "மஞ்சூருக்கு எந்த ரயில் சார்? எங்க வீட்டுக்காரர் போய் வாங்கியாருவாவ" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மஞ்சூர் என்றால் மேலிடத்துச் சம்மதமாம். அது வந்தால்தான் பணம், பணம் வந்தால்தான் சாமான்.

"ஊரா இருந்தா நானே என்னிக்கோ போய் வாங்கிண்டு வந்திருப்பேனே அம்மா" என்றார்.

பாதி

சங்கதி சிஸ்டர் காதுக்கும் போய்விட்டது. மறுநாள் தன் வீட்டுக் குளியல் சோப்பைக் கொண்டுவந்து நூலால் இரண்டாக அறுத்தார். மல்லிகை வாசனைச் சோப்பு. வார்டுக்கு முழுதாக இருக்கட்டும், எனக்குச் சாம்பல் போதும் என்றேன். என் கையைப் பிடித்து அதில் ஒரு துண்டை வைத்து மூடினார்.

"பாதி வார்டுக்கு, பாதி உன் பிள்ளைக்கு, எனக்குச் சாம்பல் இருக்கிறது" என்றார் இந்தியில்.

வந்தே விட்டது

மழை விட்டு, நோய் அடங்கி, கட்டில்கள் காலியான பிறகு ஒரு லாரி வந்தது. பெட்டி பெட்டியாகச் சோப்பு, கட்டுக் கட்டாகக் கம்பளி. அண்ணாச்சி அதற்கு வெகு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். புதுக் கம்பளியை அவர் கட்டிலில் விரித்துக்கொண்டிருந்தபோது கிளார்க் என்னைக் கூப்பிட்டார். நோய்க்காலத்துக்கென்று எடுத்த ஆயாக்களை நிறுத்தச் சொல்லி உத்தரவாம்.

"சோப்பு மஞ்சூர் ஆயிடுத்து, கைதான் மஞ்சூர் ஆகலை" என்றார்.

வேலை போய் வீடு திரும்பிய என்னிடம் மதினி மோந்து பார்க்காமலே பிள்ளையை நீட்டினாள். மஞ்சூர் என்று ஓர் ஊர் இருக்கிறதோ இல்லையோ, அங்கிருந்து கிளம்புகிற வண்டி மட்டும் நோய் ஊரைவிட்டுப் போன பிறகுதான் வந்து சேரும்.