இருபத்தெட்டு டயரும் களிமண்ணும்

மரக்காணத்தில் உப்பு மூட்டை கட்டும் ஷெட்டில் எனக்கு வேலை. எட்டு மணிக்கு கேட்டைச் சாத்திவிடுவார்கள். அனுமந்தையில் நான் ஏறவேண்டிய பஸ் எட்டேகாலுக்கு முன்னால் வந்து நான் பார்த்ததில்லை. அதனால் சைக்கிள்.

அதை நான் வாங்கவில்லை. முன்பு இடையஞ்சாவடிப் பக்கம் ஒரு வெளிநாட்டம்மா வீட்டில் வேலை செய்தேன். அந்தம்மா தன் நாட்டுக்கே திரும்பிப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனது. ரேஸ் சைக்கிள். ஹேண்டில் கீழே பார்த்து வளைந்திருக்கும். ஒரு கையால் தூக்கலாம். டயர் என் கட்டைவிரல் அகலம்தான்.

மார்கழிக் கடைசியில் ஒரு லாரி என்னை ரோட்டோரம் ஒதுக்கியது. தாருக்கும் மண்ணுக்கும் நடுவில் இருந்த வெடிப்பில் அந்த ஒல்லி டயர் இறங்கி மாட்டிக்கொண்டது. விழுந்தேன். முழங்கையில் ஆறு தையல்.

என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். ஆஸ்பத்திரி வாசலிலேயே சொன்னார்.

"இன்னொரு தபா வுழுந்தன்னா வேலைக்குப் போவக்கூடாது. இன்னா, சரியா?"

தலையாட்டினேன். வலியில் ஆட்டிவிட்டேன் என்று பிறகு பலபேரிடம் சொன்னேன். அது பொய். பயந்துதான் ஆட்டினேன்.

வேலையை விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஒரு சோப்பு வாங்கவும் அவரைக் கேட்கவேண்டும். அவர் கெட்டவர் இல்லை, கேட்டால் கொடுப்பார். ஆனால் கேட்கவேண்டும். பத்து வருஷம் அப்படி இருந்தாயிற்று. இனி முடியாது.

தையல் பிரித்ததும், ரோட்டை விட்டுவிட்டு உப்பளத்து வரப்பு வழியாகப் போவது என்று முடிவுசெய்தேன். அங்கே லாரி இல்லை. ஆனால் பாதி தூரம் பொடிமண். ஒல்லி டயர் கத்தி மாதிரி இறங்கும். அகல டயர் போட வேண்டும். கீழ்புத்துப்பட்டில் இந்த மாதிரி சைக்கிள் பார்க்கிற ஒரு மெக்கானிக் இருந்தான். போனேன்.

"அக்கா, இதுல இப்ப இருக்கிறது இருபத்து மூணு மில்லி டயரு. இருபத்தஞ்சு போடலாம். இருபத்தெட்டு போட்டா எடம் இருக்காது."

"மண்ணுல போவணும்பா. இருபத்தெட்டே போடு."

"ஃபிரேமு சின்னதுக்கா. நான் இன்னா அத இழுத்தா நீட்ட முடியும்?"

"நீ மாட்டு. சுத்தலன்னா அப்புறம் பேசு."

மாட்டினான். காற்றோடு இருந்த டயர் பிரேக் கட்டைகளுக்கு நடுவே நுழையவில்லை. காற்றை இறக்கி உள்ளே தள்ளி, அப்புறம் அடித்தான். சக்கரத்தைச் சுற்றிவிட்டான். எங்கேயும் உரசாமல் சுற்றியது. அவனுக்குத் திருப்தி இல்லை. திருகு கழற்றும் ஆலன் கீ கம்பிகளைப் பெரியதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து டயருக்கும் பிரேக்குக்கும் இடையில் விட்டுப் பார்த்தான். நாலு மில்லி நுழையவில்லை. மூணும் நுழையவில்லை. ரெண்டு நுழைந்தது.

"ரெண்டு மில்லிதான்க்கா கேப்பு. ஒரு கல்லு மாட்டுனா முடிஞ்சுது."

"உப்பளத்துல ஏதுப்பா கல்லு?"

"எனக்கின்னா தெரியும்? உங்க ஊரு மண்ணு. உனக்குத்தான் தெரியும்."

ஆமாம். எனக்குத்தான் தெரியும். என் அம்மா உப்பளத்தில் பாத்தி மிதித்தவள். மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் களிமண்ணைக் குழைத்து, பத்துப் பேர் வரிசையாக நின்று காலாலேயே மிதிப்பார்கள். தண்ணீர் கீழே இறங்காத அளவுக்கு அடைத்துக்கொள்ளும் மண் அது. விரலிடுக்கில் புகுந்தால் கழுவினாலும் போகாது, காய்ந்தால் குச்சி வைத்து நோண்டவேண்டும். நானே இரண்டு வருஷம் மிதித்திருக்கிறேன். கல்லைப் பற்றி அவனிடம் அவ்வளவு வாய் பேசிய எனக்கு இந்தக் களிமண் ஞாபகம் வரவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று நாள் நன்றாகத்தான் போனேன். தை மாதம். பொடிமண்ணில் டயர் இறங்கவே இல்லை. நாலாம் நாள் காலையில் வரப்புக்குப் புதிதாகக் களி அப்பியிருந்தார்கள். தூரத்திலேயே பார்த்தேன். அகல டயர்தானே என்று இறங்காமல் ஓட்டினேன். பத்துச் சுற்று சுற்றியிருக்கும். முன் சக்கரம் அப்படியே நின்றது. நான் நிற்கவில்லை. மிதித்துப் பாதி முடித்திருந்த பாத்திக்குள் போய் விழுந்தேன்.

அந்தப் பாத்தியில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"ஏம்மா, நாங்க காலால மிதிக்கிறோம். நீ ஒடம்பாலயே மிதிக்கிறியா?"

"சிரிக்காதடி. கைய கால பாரு மொதல்ல," என்றாள் இன்னொருத்தி.

"பாத்தியப் பாரு. காலையிலேர்ந்து மிதிச்சது. இப்ப யாரு வந்து திரும்ப மிதிக்கிறது? இவ வூட்டுக்காரனா?"

எழுந்தேன். கையெல்லாம் சிராய்ப்பு, அதில் உப்புத் தண்ணீர். பிரேக்குக்கும் டயருக்கும் நடுவில் களி கெட்டியாக அடைத்திருந்தது. ஒருத்தி கொண்டையிலிருந்த ஊசியை எடுத்துக் கொடுத்தாள். நோண்டி எடுத்து ஷெட்டுக்குப் போவதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தேன். அவர் கடலிலிருந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் துணியில் சேறு காய்ந்து வெள்ளை வெள்ளையாக நின்றது.

"வுழுந்தியா?"

"எறங்கித் தள்ளிக்கினு வந்தேன். சேறு."

சாப்பிட்டுக் கையைக் கழுவிவிட்டு வந்து சைக்கிளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் மிச்சமிருந்த களியில் கொஞ்சம் நகத்தால் பெயர்த்தார். அந்தச் சக்கரத்தைச் சுற்றினார். அரை சுற்றில் நின்றது.

"இது இப்டி நின்னா நீ எப்டி வுழாம வந்த?"

அவர் முன்னால் பொய் எனக்கு நிற்காது.

"வுழுந்தேன். போதுமா?"

"அப்ப முடிஞ்சுது. ஆஸ்பத்திரில சொன்னத ஒத்துக்கினியே."

"ஒத்துக்கினேன். நாளைக்கும் போவேன்."

"அப்ப ஒன் பேச்சுக்கு இன்னா மரியாதை?"

அவர் கேட்டது நியாயம்தான். அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மறுநாள் போனேன். டயரை மாற்றவில்லை. பொடிமண்ணில் ஓட்டுவேன், களி அப்பிய இடம் வந்தால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பேன். முந்நூறு அடி இருக்கும். அந்தப் பெண்கள் தினமும் ஏதாவது சொல்வார்கள். "பல்லக்கு வருதுடி, வழி வுடுங்க" என்பாள் ஒருத்தி. நான் நிற்பதில்லை. எட்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் இருப்பேன்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. அவர் என்னைத் திட்டவில்லை, தடுக்கவில்லை. குழம்பு இருக்கிறதா என்றுகூட என்னிடம் கேட்பதில்லை. மூடியைத் திறந்து பார்த்துப் போட்டுக்கொள்கிறார். இது எத்தனை நாளைக்கு என்று எனக்குத் தெரியாது. நான் முதலில் பேசவேண்டும் என்று எதிர்பார்க்கிறார். பேசினால் வேலையை விடுகிறேன் என்றுதான் சொல்லவேண்டும். சொல்லமாட்டேன்.