சித்தப்பா தடவிய கிரீஸ்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் வயிறு நிரம்பிப்போனபோது நான் நான்காம் வகுப்பில் இருந்தேன். அக்கா கல்லூரி ப்ராஜெக்டைச் சேமிக்கப் போனால், இடமில்லை என்று அது கையை விரித்தது. எதையாவது அழித்தாக வேண்டும். உள்ளே சட்டமாக இடத்தை அடைத்துக்கொண்டிருந்தவை என் கார்ட்டூன்களும் சித்தப்பாவின் கல்யாண வீடியோவும்தான்.

"கல்யாணத்த அழிச்சிடும்மா. யாரு பாக்கப்போறா?" என்றார் சித்தப்பா.

சித்தி கோபித்துக்கொண்டு கிளிஞ்சல்மேட்டிலுள்ள தாய்வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. எங்கள் மண்டபத்தூரிலிருந்து அது ஒன்றும் சீமை இல்லை; சைக்கிளை மிதித்தாலே போய்விடலாம். ஆனால் அவளாக வரட்டும் என்று இவரும், வந்து கூப்பிடட்டும் என்று சித்தியும் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஸ்டூடியோவில் கொடுத்த சிடியும் கெட்டுப்போய், அந்தக் கல்யாணம் மிஞ்சியிருந்தது எங்கள் கம்ப்யூட்டரில் மட்டுந்தான்.

எனக்கோ ஏக சந்தோஷம், கார்ட்டூன் பிழைத்ததே! அம்மாதான் குறுக்கே வந்து கெடுத்தாள். "நல்ல காரியத்த அழிக்கக் கூடாது தம்பி. இன்னொரு டிஸ்க் வாங்கி மாட்டிக்கலாம்" என்றாள் சித்தப்பாவிடம்.

அக்கா காரைக்காலுக்குப் போய்ப் புது ஹார்ட் டிஸ்க்கும், அதற்குக் கரண்ட் கொண்டுபோகும் இணைப்பு வயரும் வாங்கி வந்தாள். மாட்டும் வேலையைச் சித்தப்பா பிடுங்கிக்கொண்டார். விசைப்படகு எஞ்சினையே பிரித்து மாட்டுகிற மனுஷனுக்கு இந்தச் சுண்டைக்காய்ப் பெட்டி எம்மாத்திரம்? ஸ்க்ரூ சேராத இடத்தில் வலை முடிகிற நைலான் கயிற்றால் டிஸ்க்கை இறுக்கிக் கட்டினார். பவர் சப்ளையிலிருந்து சும்மா தொங்கிய வயரைத் தேடிப் பிடித்து, இணைப்பு வயரைச் செருகப் போனவர், கிரீஸ் டப்பாவை எடுத்தார். படகு பேட்டரியின் முனைகளில் கிரீஸ் தடவாமல் எங்கள் பக்கம் யாரும் கடலுக்குப் போவதில்லை. உப்புக்காற்று தின்று தீர்த்துவிடும். அதே நல்ல மனசோடு இங்கேயும் ஒவ்வொரு முனையிலும் அப்பினார். "பழசும் பாவந்தானே" என்று பழைய டிஸ்க்கையும் கழற்றி அதற்கும் தடவிவிட்டார்.

சுவிட்சைப் போட்டதும் விசிறி சுற்றியது. திரையிலோ டிஸ்க்கே இல்லை என்று எழுத்து வந்து நின்றது. புதுசையும் காணோம், பழசையும் காணோம்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ சித்தப்பா! இது கம்ப்யூட்டரா, விசைப்படகா? இத்தனூண்டு முனையில கிரீஸ அப்பினா கரண்ட் எப்படிப் போகும்?"

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பா சிரிக்கவில்லை. "அப்ப அந்த வீடியோ போயிடுச்சாம்மா?" என்று கேட்டார். எஞ்சின் நின்றுபோய் நடுக்கடலில் தவித்துவிட்டு வந்தபோதுகூட அவர் முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை.

கொரோனாவுக்கு வாங்கி மிஞ்சிக் கிடந்த சானிடைசரைப் பஞ்சில் தொட்டு, அக்கா ஒவ்வொரு முனையாகத் துடைத்தாள். சித்தப்பா டார்ச் பிடித்தார். "ஆடாம பிடிங்க சித்தப்பா" என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். நன்றாகக் காயவிட்டு மறுபடியும் மாட்டியதும், இரண்டு டிஸ்க்கும் சமர்த்தாக வந்துவிட்டன. சரியாக இருக்கிறதா என்று பார்க்க அக்கா கல்யாண வீடியோவைத் திறந்தாள். மாலையும் கழுத்துமாக நின்ற சித்தி, தன் காதில் சித்தப்பா ஏதோ சொன்னதற்குத் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

சித்தப்பா புது டிஸ்க்கைக் காட்டினார். "புதுசுலயும் இத ஒண்ணு போட்டு வைம்மா. ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கும்."

என்ன அநியாயம்! புது டிஸ்க் முழுவதையும் என் கார்ட்டூன்களுக்கு நான் மனசுக்குள் பட்டா போட்டு வைத்திருந்தேன். "அழிக்கச் சொன்னத எதுக்கு ரெண்டு தடவ வைக்கணும்?" என்று வீடு அதிரக் கத்தினேன்.

அம்மா நறுக்கென்று ஒரு குட்டு வைத்து, அக்காவையும் என்னையும் வெளியே இழுத்துவந்து கதவைச் சாத்தினாள். உள்ளே கல்யாண நாதஸ்வரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். குட்டு வாங்கியது நான். இவள் ஏன் அழுகிறாள் என்று எனக்கு விளங்கவே இல்லை.