முன்பின் அறியாத ஒருத்திக்காக நின்ற வேலுத்தாய்

வேலுத்தாய் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் அச்சகத்தில் தினசரி காலண்டரின் விடுமுறை நாட்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். திருத்தங்கலில் காலண்டர் சீசன் சூடுபிடித்துவிட்டால் வேலைநேரத்தில் யாரும் கைப்பேசியை எடுப்பதில்லை. அடித்து ஓய்ந்து, மறுபடியும் அடித்தபோதுதான் எடுத்தேன். அவருடைய மகள் முனீஸ்வரி பேசினாள். “சித்தி, அம்மா போயிருச்சு. நீங்க வந்துதான் ஆகணும்னு இல்ல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு” என்றாள். மூச்சுத்திணறலுக்காக விருதுநகரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தார்கள். தேறிவிடுவார் என்றுதான் நாங்கள் நம்பியிருந்தோம்.

சிவகாசிக்கு வெளியே இருக்கும் அவர் ஊருக்கு நான் போய்ச் சேர்ந்தபோது பந்தலில் போட்டிருந்த நாற்காலிகள் பெரும்பாலும் காலியாகக் கிடந்தன. தீபாவளி ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம். பட்டாசு ஆலைகளில் யாருக்கும் விடுப்பு கிடையாது. சாயங்காலம் கம்பெனி வேன் ஒன்று தெருமுனையில் நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்கள் கைகூடக் கழுவாமல் வந்து, கால்மாட்டில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் வந்து, “வெளிநாட்டு ஆளுக யாரும் வரலியாம்மா? அவுகளுக்காகத்தான இம்புட்டும் செஞ்சா?” என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே அவர்களை எதிர்பார்த்திருந்தார். நான் இனிமேல் எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியவரும் என்று சொன்னேன். பிறகு செய்தியை மட்டும் அனுப்பினேன். முழுக்க எழுதுவது இப்போதுதான்.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் அவரை நம் இணையக் கூட்டங்களில், கைப்பேசித் திரையில் ஒரு சின்னச் சதுரத்துக்குள் மட்டுமே பார்த்திருப்பீர்கள். அவர் பேசியது என் குரலில், என் மொழிபெயர்ப்பில்தான் உங்களை வந்தடைந்தது. அதனால் அந்தச் சதுரத்துக்கு வெளியே அவர் எப்படி இருந்தார் என்பதைச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

எங்கள் பழக்கம் ஒரு புகைப்படத்தில் தொடங்கியது. பட்டாசு ஆலை விபத்துகளில் குடும்பத்தாரை இழந்தவர்களைப் பற்றிப் பல நாடுகளின் மனித உரிமை அமைப்புகள் சேர்ந்து ஓர் அறிக்கை தயாரித்திருந்தன. அதன் தமிழ்ப் பதிப்பு எங்கள் அச்சகத்துக்கு வந்தது. பக்கம் அமைப்பது என் வேலை. கல்லூரியில் ஆங்கிலம் படித்தவள் என்பதால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் என் தலையில் விழுந்தது. ஒருநாள் மாலை அந்த அமைப்புகளில் ஒன்றைச் சேர்ந்த ஒருவர், பேட்டி கொடுத்த பெண்ணை, அவருடைய படத்தைக் காட்டி ஒப்புதல் வாங்குவதற்காக அழைத்து வந்தார். அவர்தான் வேலுத்தாய் அக்கா. பட்டாசு ஆலையில் வேலை முடிந்து நேராக வந்திருந்தார். அலுமினியப் பொடியின் சாம்பல் நிறம் நகக்கண்களில் அப்படியே இருந்தது.

திரையில் தன் படத்தைப் பார்த்தார். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்டார். “பாதிக்கப்பட்ட பெண், சிவகாசி வட்டாரம்” என்று வாசித்தேன். எதிர்ப்பக்கத்தில் வேறொரு பெண்ணின் படம். அவர் வெகுதொலைவில் உள்ள ஒரு நாட்டில், எங்கள் ஊரைப் போலவே பட்டாசு செய்யும் ஒரு சிறு நகரத்துக்காரர். வெடிவிபத்தில் தம்பியைப் பறிகொடுத்தவர். அந்தப் படத்துக்குக் கீழே பெயர் இருந்தது.

“அவளுக்குப் பேரு போட்டிருக்கீக. எனக்கு ஏன் போடல?” என்று அக்கா கேட்டார்.

பாதுகாப்புக்காகத்தான், பெயர் வெளியே வந்தால் வேலைக்குச் சிக்கல் வரலாம் என்று அழைத்து வந்தவர் பொறுமையாக விளக்கினார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “வேல போனா போகுது. பேரில்லாதவ சொன்னா எவன் நம்புவான்? எம்பேரப் போடுங்க. எங்க வீட்டுக்காரரு பேரு காளிமுத்து. அதையும் போடுங்க.”

கிளம்பும்போது வாசலில் நின்று, எதிர்ப்பக்கத்துப் பெண் இப்போது எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். எங்கள் யாருக்கும் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அதைக் கேட்கப் போய்த்தான் நானும் இந்த மொழிபெயர்ப்பு வேலைக்குள் வந்தேன். அந்தப் பெண்ணை இங்கே லூசியா என்று அழைக்கிறேன். இப்போதைய நிலைமையில் தன் உண்மைப் பெயரை அச்சில் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

கணவரின் மரணத்தைப் பற்றி அக்கா பேட்டிகளில் சொன்னதெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒருமுறை விருதுநகர் பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து வேறு விதமாகச் சொன்னார். காளிமுத்து வெடிமருந்து கலக்கும் அறையில் இருந்தார். அக்கா தள்ளியிருந்த இன்னோர் அறையில் திரி வைத்துக்கொண்டிருந்தார். சத்தம் கேட்டதும் எல்லோரும் வாசலைப் பார்த்து ஓட, இவர் மட்டும் எதிர்த்திசையில் ஓடினார். காது அடைத்துப்போனதால் பிறகு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஜனங்கள் வாயைத் திறந்து திறந்து மூடுவது மட்டும் தெரிந்தது. முதலாளி வீட்டார் வந்து அழுதார்கள், அந்த அழுகை பொய்யில்லை என்று அக்காவே சொன்னார். காரியம் முடிந்து சில வாரங்களில் அதே கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பினார். போக வேறு இடம் இல்லை.

லூசியாவோடு முதல்முறை பேசியது அச்சகத்துக்கு மேலே என் வாடகை வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவர் மொழியிலிருந்து ஒருவர் ஆங்கிலத்துக்கு மாற்ற, நான் தமிழுக்கு மாற்ற வேண்டும். ஒரு வாக்கியம் போய்ச் சேர்வதற்குள் சொன்னவரின் முகத்திலிருந்து அந்த உணர்ச்சி போயிருக்கும். இரண்டு பேரும் சங்கடப்பட்டார்கள். பேச்சு அறுந்து நின்ற ஒரு கணத்தில் அக்கா தன் கைகளை விரித்து கேமராவுக்கு முன்னால் காட்டினார். நகக்கண்ணில் சாம்பல் நிறம். அந்தப் பக்கம் லூசியா சிரித்துவிட்டுத் தன் கைகளைக் காட்டினார். அங்கேயும் அதே நிறம். நாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் இருவரும் சும்மா இருந்தோம்.

அதன்பிறகு அமைப்பு இணையத்தில் நடத்திய எல்லாக் கூட்டங்களுக்கும் அக்கா என் வீட்டுக்கு வந்தார். ஒரு கூட்டத்தை மறக்க முடியாது. பட்டாசு வாங்குவதையே நிறுத்துங்கள் என்று உலகம் முழுக்க மக்களைக் கேட்டுக்கொள்ளும் அறிக்கை ஒன்றை முன்மொழிந்தார்கள். அக்கா மறுத்தார். “வாங்காதீகன்னு நீங்க சொல்லிருவீக. மறுவாரம் எங்க தெருவுல அடுப்பு எரியாது. ஆளு சாகாம வேல நடக்கணும்னு கேளுங்க. அதக் கேக்கத்தான் நான் இங்கன வந்து உக்காந்திருக்கேன்.” தீக்காயப் பிரிவில் வேலைபார்க்கும் மருத்துவர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் இருந்தார். வெந்த பிள்ளைகளின் உடம்பிலிருந்து துணியைப் பிரித்தெடுத்த பிறகு தன்னால் எப்படி நிதானமாகப் பேச முடியும் என்று கேட்டார்.  இரு தரப்புக்கும் திருப்தியில்லாத ஓர் அறிக்கைதான் கடைசியில் வெளிவந்தது. பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது, “அந்த டாக்டரு சொல்லுறதும் நெசந்தான செல்வி” என்றார். 

ஊரில் பரவியது நேர்மாறான சேதி. வேலுத்தாய் வெளிநாட்டுக்காரர்களோடு சேர்ந்து கம்பெனிகளை மூடப் பார்க்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அறிக்கையில் அவர் பெயரும் படமும் இருந்தன. அதைப் படித்தவர்கள் குறைவு, படத்தைப் பார்த்தவர்கள் அதிகம். வேனில் அவருக்குப் பக்கத்து இருக்கை காலியாக வர ஆரம்பித்தது. யாரும் திட்டவில்லை, சண்டைக்கு வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் குழம்பு மாற்றிக்கொள்வது நின்றது. பிறகு கம்பெனியில், கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், கூப்பிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். கூப்பிடவே இல்லை. அதற்குப் பின் வீட்டிலேயே வெடிக்கான காகிதக் குழாய் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தார். மகள் கல்யாணமாகிச் சாத்தூர் போய்விட்டாள். நான் போகும் நாட்களில் தனியாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குழாய் சுற்றிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் கூட்டத்தில் சொல்லட்டுமா என்று கேட்டால், “வேண்டாம். அவுக அவுகளுக்கு ஆயிரம் கஷ்டம்” என்பார். அதனால் உங்களில் யாருக்கும் இது தெரியாது.

அந்தச் சமயத்தில்தான் லூசியா கைதான செய்தி வந்தது. விபத்தில் இறந்தவர்களுக்காகச் சாலையில் உட்கார்ந்ததற்குக் கலவர வழக்கு போட்டிருந்தார்கள். அவரவர் ஊரில் பொது இடத்தில் அவருக்காக நில்லுங்கள், படம் எடுத்து அனுப்புங்கள் என்று அமைப்பு கேட்டது. பெரிய நகரங்களில் ஊர்வலங்கள் நடந்தன. அக்கா என்னிடம் ஒரு தட்டி அடித்துத் தரச் சொன்னார். விருதுநகரில் நிற்பதாகச் சொன்னார். கலெக்டர் இருக்கிற ஊர், அங்கே நின்றால்தான் மதிப்பு என்றார்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், வெயிலுக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் நின்றார். லூசியாவின் படம், பெயர், “இவரை விடுதலை செய்” என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் இரண்டு வரி. நான் கொஞ்சம் தள்ளி நின்று படம் எடுத்தேன். மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டிகள் நெடியைக் கிளப்பிக்கொண்டு போயின. ஜனங்கள் தட்டியைப் படித்துவிட்டு, புரியாமல் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். கடைசியில் ஒரு போலீஸ்காரர் வந்தார்.

“யாரும்மா இது? உங்க சொந்தமா?”

“சொந்தமில்லய்யா. எங்கள மாதிரி வெடிக் கம்பெனியில வேல பாத்தவ. அவ ஊருல பிடிச்சுப் போட்டுட்டாக.”

“அதுக்கு விருதுநகர்ல நின்னா யாருக்குத் தெரியப்போகுது?”

அக்கா அவரைப் பார்த்துச் சொன்னது இது: “நான் நிக்கதால அவ வெளிய வந்துரப் போறதில்ல. அது எனக்கே தெரியும். ஆனா எங்கயோ ஒருத்தி நமக்காக நிக்கான்னு தெரிஞ்சா, உள்ள இருக்கவளுக்கு ஒரு வாய் சோறு இறங்கும்.”

போலீஸ்காரர் தட்டியை இன்னொரு முறை படித்தார். அனுமதி இல்லாமல் நிற்கக் கூடாது, படம் எடுத்தாயிற்றென்றால் கிளம்புங்கள் என்று தணிந்த குரலில் சொன்னார். கிளம்பினோம். திரும்பும் வழியில் பேருந்தில் கூட்டம். தட்டியை மடக்கினால் லூசியாவின் முகம் கசங்கும் என்று அதை நெஞ்சோடு அணைத்தபடி சிவகாசிவரை நின்றுகொண்டே வந்தார்.

லூசியா வெளியே வர நெடுநாள் ஆயிற்று. ஜாமீனில் வந்ததும் அமைப்பு ஒரு கூட்டம் வைத்தது. அக்கா தலைக்குக் குளித்து, மகள் எடுத்துக் கொடுத்த புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தார். திரை திறந்ததும் லூசியாவின் வீடு நிறைய ஆட்கள். தோளில் கைபோட்டபடி ஒருவர், மடியில் குழந்தை, பின்னால் பாட்டும் சிரிப்பும். சிறையில் வக்கீல் பல ஊர்ப் படங்களைக் காட்டியதாகவும், அதில் தலையில் துண்டு போட்ட பெண்ணின் படத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்கிப் பார்த்ததாகவும் லூசியா சொன்னார். தனியாக நின்றது அந்தப் படத்தில் மட்டும்தானாம். நான் அதை மொழிபெயர்த்தேன். அக்கா பதிலாக, “சாப்பிட்டியா தாயி?” என்று மட்டும் கேட்டார். லூசியா பதில் சொல்வதற்குள் யாரோ அவரைக் கட்டிப்பிடித்தார்கள். பிறகு மற்ற நாட்டவர்களின் முறை வந்துவிட்டது.

கூட்டம் முடிந்து திரை அணைந்தது. அக்கா எழுந்திருக்கவில்லை. “அவளச் சுத்தி எம்புட்டு ஆளு பாத்தியா செல்வி” என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். ஆனாலும் டீ ஆறிப்போகும்வரை அந்தக் கறுப்புத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

காரியம் முடிந்து நான் உங்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினேன். எங்கெங்கோ இருந்து பதில்கள் வந்தன. லூசியா குரல்பதிவு அனுப்பியிருந்தார். அதில் பாதி அழுகை. முனீஸ்வரிக்கு ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். அவள் முழுக்கக் கேட்டுவிட்டு, “இவுகளுக்கெல்லாம் எங்கம்மாவத் தெரியுமா சித்தி?” என்றாள். தெரியும் என்றேன். “எங்க தெருவுல யாருக்கும் தெரியல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். எந்த நாட்டிலிருந்து யாருடைய விவரம் வந்தாலும், நான் வழக்கையும் சட்டப் பிரிவுகளையும் முதலில் வாசிக்கத் தொடங்குவேன். அக்கா கையமர்த்திவிட்டு, “அதெல்லாம் இருக்கட்டும். அவுகளுக்கு யாரு இருக்கா?” என்று கேட்பார். தாய் இருக்கிறாளா, பிள்ளை இருக்கிறதா, சிறைக்குப் போய்ப் பார்க்க ஆள் உண்டா என்று தெரிந்துகொண்ட பிறகுதான் மற்றதைக் கேட்பார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் புதிதாக ஒருவரின் விவரம் வந்தது. எல்லையோர ஊர் ஒன்றில் துறைமுகத் தொழிலாளி. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். என் முறை வந்தபோது, நான் மொழிபெயர்த்துச் சொல்ல அக்கா பக்கத்தில் இல்லை. நானாகவே ஆங்கிலத்தில் கேட்டேன், அவருக்கு யார் இருக்கிறார்கள் என்று.  அதை இதுவரை யாரும் விசாரிக்கவில்லை, கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

பதிலுக்காகக் காத்திருக்கிறேன்.